பழங்கதையும் பெருநாடகமும்

1605-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சிறிய நாடக நூல் ஒன்று அச்சாகி விற்பனைக்கு வந்தது. லெயிர் என்னும் மன்னனையும் அவன் பெற்ற மூன்று பெண்களையும் பற்றியது அந்நூல். ஆசிரியர் பெயர் அதில் காணப்படவில்லை. அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, 1594 ஏப்ரலில், 'ரோஸ்' என்னும் அரங்கில் அம்மன்னன் கதை நடிக்கப்பெற்றது என்று அரங்கின் உரிமையாளரான பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கேடு கூறுகின்றது. மூன்றாண்டுகள் சென்றபின், 1608-ல், அதே மன்னனைப் பற்றிய மற்றொரு நாடகம் அச்சேறியது. அதன் முகப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பது அப்பெயர். முதல் நூலை இன்று ஆராய்ச்சியாளரன்றிப் பிறர் படிப்பது அரிது. இரண்டாவது நூலோ உலகத் துன்பியல் நாடகங்களுள் தலைசிறந்த ஒன்றாகப் போற்றப்படுகின்றது. மன்னன் ஒருவனே, மகளிர் மூவரே, கதையும் பெரும்பாலும் ஒன்றே. அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே பிறந்தது?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தவர்களே மூலக்கதை ஆராய்ச்சி என்னும் துறையை வளர்த்தனர். ஷேக்ஸ்பியர் இயற்றிய நாடகங்கள் ஏறத்தாழ முப்பத்தெட்டு. அவற்றுள் கதை முழுவதையும் அவரே புனைந்தவை மிகச் சிலவே. ஏனைய எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய வரலாற்று நூலோ, இத்தாலியச் சிறுகதையோ, பிறர் எழுதிய நாடகமோ நிற்கின்றது. இதனை முதன்முறை கேட்கும் மாணவர் சிலர், பெரும்புலவர் ஒருவர் பிறர் பொருளைக் கவர்ந்தாரோ என்று ஐயுறுவர். அவ்வையம் தேவையற்றது. கதைப் புதுமையைப் புலமையின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. கிரேக்க நாடகப் புலவர் தம் நாட்டுப் பழங்கதைகளையே மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர். காளிதாசர் சகுந்தலையின் கதையை மகாபாரதத்தினின்று எடுத்தார். ஆனால் நாடகத்தின் உயிராய் விளங்கும் துருவாச முனிவரின் சாபமும், தொலைந்து மீண்ட மோதிரமும் மகாபாரதத்தில் இல்லை. எடுத்தது எது, மாற்றியது எது என்று காண்பதே ஆராய்வோர் பணியாகும்.

லியர் மன்னன் கதையின் வழித்தடத்தைப் பின்பற்றிச் செல்வோம். மான்மத் என்னும் ஊரைச் சார்ந்த ஜெப்ரி என்பவர், ஏறத்தாழ 1136-ஆம் ஆண்டில், பிரிட்டானிய மன்னர்களின் வரலாறு ஒன்றை இலத்தீன் மொழியில் எழுதினார். அதில் உள்ள செய்திகளுள் பல வரலாறாகா, கட்டுக்கதைகளே. அந்நூலில்தான் லியர் கதை நமக்கு எழுத்து வடிவில் முதன்முதல் கிடைக்கின்றது. முதுமையுற்ற மன்னன் தன் நாட்டை மக்களுக்குப் பங்கிட எண்ணி, தன்னிடம் எவளுக்கு அன்பு மிகுதி என்று மூவரையும் வினவுகின்றான். மூத்த இருவரும் வானளாவப் புகழ்ந்து பேசுகின்றனர். இளையவள் உண்மையை அளந்து பேசி, தந்தையின் சினத்துக்கு ஆளாகி, பொருளின்றிப் பிரான்சு நாட்டு அரசனுக்கு மனைவியாகிச் செல்கின்றாள். நாடு பெற்ற மூத்த மகளிர் தந்தையின் பரிவாரத்தைப் படிப்படியாகக் குறைத்து அவனை வறியனாக்குகின்றனர். அவன் கடல் கடந்து இளையவளிடம் அடைக்கலம் புகுகின்றான். அவள் படை திரட்டி வந்து போரில் வென்று தந்தையை மீண்டும் அரியணையில் அமர்த்துகின்றாள். மூன்றாண்டுகள் ஆண்டபின் அவன் இயற்கை எய்துகின்றான்.

இதற்கும் முற்பட்ட நாட்டுப்புறக் கதை ஒன்று பல நாடுகளில் வழங்குகின்றது. தந்தையை உப்பைப் போல நேசிப்பதாகச் சொன்ன மகளை அவன் துரத்திவிடுகின்றான். பின்னொரு நாள் உப்பில்லாத உணவை உண்டபோது அவள் சொல்லின் பொருளை உணர்ந்து வருந்துகின்றான். ஜெப்ரியின் நூலில் உப்பு இல்லை. ஆயினும் இரு கதைகளுக்கும் உள்ள உறவு வெளிப்படையானது.

ஜெப்ரியிடமிருந்து கதை பல கைகள் மாறி, ராபெல் ஹாலின்ஷெட் தொகுத்த பெரிய வரலாற்று நூலில் இடம்பெற்றது. அந்நூலின் இரண்டாம் பதிப்பு 1587-ல் வந்தது. ஷேக்ஸ்பியர் தம் நாட்டு மன்னர்களைப் பற்றிய நாடகங்களுக்கும், 'மாக்பெத்' நாடகத்துக்கும் பயன்படுத்தியது அப்பதிப்பே. அதன்பின் மேலே கூறிய பெயரில்லாத ஆசிரியர் அக்கதையை நாடகமாக்கினார். ஷேக்ஸ்பியர் அந்நாடகத்தை நன்கு அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

பழைய நாடகத்தில் மன்னன் செயலுக்கெல்லாம் காரணம் கூறப்படுகின்றது. அண்மையில் மனைவியை இழந்த அவன் அரசு துறக்க விரும்புகின்றான். இளைய மகள், தான் மனமார நேசிப்பவனையன்றிப் பிறனை மணப்பதில்லை என்று உறுதி பூண்டிருக்கின்றாள். தந்தையை மிகவும் நேசிப்பதாக அவள் வாயால் சொல்லச் செய்து, அச்சொல்லையே பிடித்துக்கொண்டு, தான் குறித்த மணமகனை அவள் ஏற்குமாறு செய்ய அவன் சூழ்ச்சி செய்கின்றான். அன்பை அளக்கும் போட்டி அதற்காகவே வைக்கப்பட்டது. ஷேக்ஸ்பியர் இக்காரணத்தை முற்றிலும் நீக்கிவிட்டார். அவருடைய மன்னன் நாட்டைப் பங்கிடும் எல்லைகளை முன்னரே வரைந்து முடித்துவிட்டு, அதன்பின் அன்பின் அளவைக் கேட்கின்றான்.

உருசிய நாட்டுப் பேராசிரியர் டால்ஸ்டாய் இதனைப் பெருங்குறையாகக் கருதினார். 1906-ல் வெளியான தம் கட்டுரையில், பழைய நாடகமே இயற்கையானது, ஷேக்ஸ்பியர் அதனைக் கெடுத்துவிட்டார் என்று கடுமையாக எழுதினார். அவர் காட்டிய வேறுபாடு உண்மையே. ஆனால் அவர் முடிவை ஏற்றல் அரிது. சூழ்ச்சிக்காகக் கேட்ட கேள்வியென்றால், சூழ்ச்சி தவறியது என்று கூறி மன்னனை மன்னித்துவிடலாம். காரணம் எதுவும் இல்லாதபோது குற்றம் அவன் இயல்பிலேயே போய் நிற்கின்றது. புகழுரை கேட்டே பழகிய முதியவன் ஒருவன், மெய்யன்பின் குரலை அடையாளம் காணும் ஆற்றலை இழந்துவிட்டான் என்பது அப்போதுதான் புலனாகின்றது. பின்னர் அவன் படும் துன்பமெல்லாம் அவ்வாற்றலை மீண்டும் பெறுவதற்கு அவன் கொடுத்த விலையாக அமைகின்றது.

இடியை எடுத்துக்கொள்வோம். பழைய நாடகத்தில் மன்னனையும் அவனுடைய உண்மைத் துணைவனையும் கொல்லுமாறு மூத்த மகள் ஒருத்தி ஆள் அனுப்புகின்றாள். கொலைஞன் கத்தியை ஓங்கும் வேளையில் வானம் இடிக்கின்றது. தெய்வம் சினந்தது என்று அஞ்சிய அவன் கத்தியை நழுவ விடுகின்றான். நல்லோரைக் காக்க வந்த இடி அது. ஷேக்ஸ்பியர் நாடகத்திலோ இடி யாரையும் காக்கவில்லை. திறந்த வெளியில், தலைக்கு மேல் கூரையின்றி, எண்பது வயது கடந்த முதியவன் மீது புயல் பொழிகின்றது; அவன் அறிவு கலங்குகின்றது. மன்னன் பித்துக்கொள்ளும் செய்தி ஜெப்ரியிடமும் இல்லை, ஹாலின்ஷெட்டிடமும் இல்லை, பழைய நாடகத்திலும் இல்லை. அவனுடன் புயலில் அலையும் கோமாளியும் மூலங்களில் இல்லாதவனே.

தந்தையும் மகளும் மீண்டும் கூடும் காட்சி பழைய நாடகத்தில் உண்டு. அங்கே தந்தை மண்டியிடுகின்றான், மகள் மண்டியிடுகின்றாள், அவன் எழுகின்றான், மீண்டும் மண்டியிடுகின்றான். சற்றே நகைப்பை விளைவிக்கும் அக்காட்சியை ஷேக்ஸ்பியர் வீசி எறியவில்லை. உறக்கம் தெளிந்த மன்னன் மகள்முன் ஒருமுறை மண்டியிட முயல்கின்றான், அவள் தடுக்கின்றாள், அவன் தன் குற்றத்தை எடுத்துரைக்க, அக்குற்றத்தை ஒப்புக்கொள்ளவே அவள் மறுத்துவிடுகின்றாள். சொற்கள் மிகச் சிலவே.

நாடகத்தின் கிளைக்கதை வேறோர் இடத்தினின்று வந்தது. 1590-ல் அச்சான சர் பிலிப் சிட்னியின் 'ஆர்க்கேடியா' என்னும் உரைநடைக் காவியத்தில் பாப்லகோனியா நாட்டு அரசன் ஒருவன் வருகின்றான். முறையற்ற வழியில் பிறந்த மகன் சொல் கேட்டு நல்ல மகனைத் துரத்திய அவன், பின்னர் அக்கொடிய மகனாலேயே கண்ணிழந்து, துரத்தப்பட்ட மகன் கைப்பிடித்து நடக்கின்றான். இவனே ஷேக்ஸ்பியரிடம் குளோஸ்டர் பிரபு ஆனான். ஒரு தந்தை மகளிரை அறியவில்லை. மற்றொரு தந்தை மைந்தரை அறியவில்லை. எங்கோ கிடந்த இவ்விரு கதைகளும் ஒன்றற்காக ஒன்று பிறந்தவை போலப் பொருந்துமென முதன்முதல் கண்டவர் ஷேக்ஸ்பியரே.

துரத்தப்பட்ட நல்ல மகன் எட்கர், பேய் பிடித்த பிச்சைக்காரனைப் போல வேடம் பூண்டு சில பேய்களின் பெயர்களைப் பிதற்றுகின்றான். விந்தையான அப்பெயர்கள், சாமுவேல் ஹார்ஸ்னெட் என்பவர் பேயோட்டுவோரைக் கண்டித்து 1603-ல் வெளியிட்ட நூலில் உள்ளவை. இத்தொடர்பைப் பதிப்பாசிரியர் லூயி தியபால்டு 1733-ல் வெளியிட்ட தம் பதிப்பில் எடுத்துக்காட்டினார். இதனால் ஓர் அரிய பயன் விளைந்தது. 1603-ல் வந்த நூலை எடுத்தாண்ட நாடகம் அவ்வாண்டுக்கு முன் எழுதப்பட்டிருக்க இயலாது. 1606 டிசம்பர் 26-ல் அரசவையில் நடிக்கப்பெற்றதற்குச் சான்று உண்டு. இவ்விரு எல்லைகளுக்குள் நாடகத்தின் காலம் அடங்கிவிடுகின்றது.

இனி முடிவைக் காண்போம். ஷேக்ஸ்பியருக்கு முன் இக்கதையைச் சொன்ன எவரும் லியரைத் தோல்வியில் சாகவிடவில்லை. எல்லோரும் அவனை வெற்றியோடு அரியணையில் ஏற்றினர். ஆனால் ஜெப்ரியின் நூலில் கதை அங்கே முடியவில்லை. தந்தைக்குப் பின் இளைய மகள் ஐந்தாண்டுகள் ஆள்கின்றாள். அக்காள் மைந்தர் அவளை எதிர்த்துச் சிறையிடுகின்றனர். துயரம் தாளாது அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். ஆண்டுகள் பல கடந்து நிகழ்வதாகக் கூறப்பட்ட அச்சிறைச் சாவை ஷேக்ஸ்பியர் முன்னுக்கு இழுத்துவந்து, தந்தை உயிரோடிருக்கும்போதே நிகழச் செய்தார். மேலும், அவள் தற்கொலை செய்துகொள்ளவில்லை. எட்மண்டின் ஆணையால் கொல்லப்படுகின்றாள். அவளே மனமுடைந்து மாண்டாள் என்று ஊரை நம்பவைப்பது எட்மண்டின் திட்டம். நூற்றாண்டுகளாக வழங்கிவந்த கதை முடிவு, நாடகத்தில் கொடியவன் கட்டிய பொய்யாக மாறிவிட்டது. மூலத்தை அறியாதவர்க்கு இந்நுட்பம் விளங்காது.

பழைய நாடகத்தைக் கண்டு மகிழ்ந்தவர் பலர் புதிய நாடகத்தையும் காண வந்திருப்பர். மன்னன் மீண்டும் முடிசூடுவான் என எதிர்பார்த்து அமர்ந்திருந்த அவர்கள்முன், இறந்த மகளைக் கையில் ஏந்தி அவன் வந்து நின்றான். அவர்கள் உற்ற அதிர்ச்சியை நாம் எண்ணிப் பார்க்கத்தான் முடியும். பிற்காலத்தார் அதனைத் தாங்க மறுத்தனர். 1681-ல் நேகம் டேட் என்பவர் நாடகத்தைத் திருத்தி, கோமாளியை நீக்கி, லியரை அரியணையில் ஏற்றி, கார்டீலியாவை எட்கருக்கு மணமுடித்து வைத்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில அரங்குகளில் நடந்தது அத்திருத்தமே. தாம் ஷேக்ஸ்பியரைத் திருத்துவதாக எண்ணிய டேட், உண்மையில் பழங்கதையின் முடிவுக்கே திரும்பினார். டாக்டர் ஜான்சன் 1765-ல் வெளியிட்ட தம் பதிப்பில், இளமையில் கார்டீலியாவின் சாவைப் படித்து அதிர்ந்ததாகவும், பதிப்புப் பணிக்காகக் கட்டாயம் நேரும்வரை அக்காட்சிகளை மீண்டும் படிக்கத் துணியவில்லை என்றும் குறித்துள்ளார். 1823-ல் நடிகர் எட்மண்ட் கீன் துன்ப முடிவை மீட்டார். 1838-ல் மக்ரெடி கோமாளியையும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

இத்தகைய மூலங்களைத் தேடித் தொகுத்தவர்களுள் காலத்தால் முற்பட்டவர் ஜெரார்டு லாங்பைன். ஆங்கில நாடகங்கள் கதை எடுத்த இடங்களை அவர் 1691-ல் வெளியிட்ட நூலில் குறித்தார். சார்லட் லெனக்ஸ் என்னும் பெண்மணி 1753, 1754 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளில் மூலக்கதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். பல இடங்களில் மூலமே சிறந்தது, ஷேக்ஸ்பியர் அதனைச் சிதைத்தார் என அவர் அஞ்சாது தீர்ப்புக் கூறினார்; டால்ஸ்டாய்க்கு அவர் முன்னோடி எனலாம். கடந்த நூற்றாண்டில் ஜெப்ரி புல்லோ 1957 முதல் 1975 வரை எட்டுப் பெருந்தொகுதிகளில் மூலங்களைத் திரட்டி வெளியிட்டார். இத்துறையில் இறங்குவோர் இன்றும் அத்தொகுதிகளை நாடுகின்றனர்.

மூலத்தை அறிதல் சில வேளைகளில் நாடகத்தின் சிதைந்த பாடத்தைச் சீர்செய்யவும் உதவுகின்றது. உரோம நாட்டுக் கதைகளுக்கு ஷேக்ஸ்பியர் புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைத் தாமஸ் நார்த் 1579-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் படித்தார். 'கொரியலேனஸ்' நாடகத்தில் வீரனின் முன்னோரை ஒருவன் அடுக்கிக் கூறுகின்றான். 1623-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடத்தில், இருமுறை பதவி வகித்ததனால் ஒருவர் அப்பெயர் பெற்றார் என்று உள்ளது. ஆனால் பெயரைத்தான் காணோம். அச்சுக் கோத்தவர் ஓர் அடியை விட்டுவிட்டார். பதிப்பாசிரியர்கள் நார்த்தின் நூலைத் திறந்து பார்த்தனர். முன்னோர் வரிசையில் சென்சோரினஸ் என்னும் பெயர் அங்கே இருந்தது. அதனைக் கொண்டு விடுபட்ட அடியை நிரப்பினர்.

'ஹாம்லெட்' கதை டென்மார்க்கு நாட்டு சாக்சோ என்பவர் 1200-ஐ ஒட்டி இலத்தீனில் எழுதிய வரலாற்றில் உள்ளது. அங்கே அரசகுமாரன் பெயர் ஆம்லெத். சிற்றப்பன் தந்தையைக் கொன்றது ஊரறிந்த செய்தி. ஆவி வந்து சொல்ல வேண்டிய மறைபொருள் எதுவும் இல்லை. சிறுவனாகிய ஆம்லெத் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பித்தனாக நடிக்கின்றான்; இறுதியில் மாளிகைக்குத் தீ வைத்துப் பழிதீர்த்து மன்னனாகின்றான். தயக்கம் அவனிடம் சிறிதும் இல்லை. இக்கதைக்கும் ஷேக்ஸ்பியருக்கும் இடையே பழைய ஹாம்லெட் நாடகம் ஒன்று இருந்தது. அதில் ஆவி தோன்றிப் பழிவாங்கும்படி கூவியதை 1596-ல் ஒருவர் எள்ளி எழுதியுள்ளார். அந்நாடகம் மறைந்துவிட்டது. லியர் கதையில் நமக்கு வாய்த்த நற்பேறு இங்கே வாய்க்கவில்லை.

'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் ஒரு பவுண்டு தசை, 1558-ல் அச்சான 'இல் பெக்கரோனே' என்னும் இத்தாலியக் கதைத்தொகுதியிலிருந்து வந்தது. தசையை அரிந்து கொடுப்பதென்றால் நமக்குப் புறாவுக்காகத் தன் தசையை ஈந்த சிபி நினைவுக்கு வருவான். ஒப்புமை வேறு, மூலம் வேறு என்பதை இங்கே மறத்தலாகாது. ஒரு நூல் மற்றொன்றுக்கு மூலம் என்று நிறுவ, அது பின்னவர் கைக்கு எட்டியிருக்க வேண்டும். நிகழ்ச்சிகள் ஒரே வரிசையில் அமைந்திருக்க வேண்டும். பெயரோ அரிய சொல்லோ இரண்டிலும் வர வேண்டும். இத்தாலியக் கதையில் பெல்மான்ட் என்னும் ஊரும், வழக்கறிஞராக மாறுவேடம் பூண்டு வரும் மங்கையும், பரிசாகக் கேட்கப்படும் மோதிரமும் உள்ளன. சிபியின் கதையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆயினும் அந்நாடகத்தின் மூன்று பேழைகளுக்கு நம் நாட்டோடு ஒரு தொலைவான உறவு உண்டு. பொன் பூசிய பேழையில் எலும்பும், இழிந்த பேழையில் மணியும் இருந்த கதை, பர்லாம், ஜோசபாத் என்னும் இருவரைப் பற்றிய பழைய நூலில் வருகின்றது. அந்நூலின் பெருங்கதை புத்தர் பெருமானின் வாழ்க்கையே. போதிசத்துவர் என்னும் பெயரே மொழிகள் பல கடந்து ஜோசபாத் எனத் திரிந்தது.

இக்காலத்தில் கணிப்பொறியும் இத்தேடலில் சேர்ந்துள்ளது. டென்னிஸ் மெக்கார்த்தி, ஜூன் ஷ்லூட்டர் என்னும் இருவர், பிறர் எழுத்தைக் கவர்ந்தெழுதுவதைக் கண்டுபிடிக்கும் செயலியைக் கொண்டு, ஜார்ஜ் நார்த் என்பவர் 1576-ல் எழுதிய கையெழுத்துப் படியை ஷேக்ஸ்பியர் நாடகங்களோடு ஒப்பிட்டு 2018-ல் நூல் வெளியிட்டனர். சொற்கள் ஒன்றாக வரும் இடங்களைக் கணிப்பொறி நொடியில் காட்டிவிடும்; அவ்வொற்றுமை தற்செயலா அன்றா என்று துணிவது ஆராய்வோர் பொறுப்பாகவே உள்ளது.

தமிழிலும் இத்தகைய வழித்தடம் ஒன்று உண்டு. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்துக்கு மூலம், ஆங்கில ஆசிரியர் லிட்டன் பிரபு 1866-ல் வெளியிட்ட கதைப்பாடல்களுள் 'இரகசிய வழி' என்பதாகும். தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் நமக்கு வைக்கவில்லை. தம் முகவுரையில் தாமே கூறிவிட்டார். ஒருவரையொருவர் கனவில் கண்டு காதல் கொண்ட இளவரசனும் இளவரசியும், பகையின் நடுவே கோட்டைக்குள் செல்லும் சுரங்கமும் அங்கிருந்து வந்தவை. நாஞ்சில் நாட்டைப் பற்றிய பூசலும், சீவக மன்னனின் பேதைமையும், அமைச்சன் குடிலனின் வஞ்சகமும், சுந்தரமுனிவரின் அருளுள்ளமும் தமிழ் மண்ணுக்கு ஏற்ப அமைந்தவை.

லிட்டனுக்கும் மூலம் உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த அதீனேயஸ் என்னும் கிரேக்க ஆசிரியர், அலெக்சாந்தரின் அவையில் பணிபுரிந்த கேரெஸ் என்பவர் எழுதியதாக ஒரு கதையை எடுத்துரைக்கின்றார். ஒடாடிஸ் என்னும் இளவரசி கனவில் சரியாத்ரெஸ் என்னும் வீரனைக் காண்கின்றாள். அவனும் அவளைக் காண்கின்றான். அவள் தந்தை மணவிருந்து கூட்டி, பொற்கிண்ணத்தில் மதுவை வார்த்து, விரும்பியவனுக்கு வழங்குமாறு பணிக்கின்றான். அவையில் தன் கனவுக் காதலனைக் காணாது அவள் கண்ணீர் வடிக்கும் வேளையில், மாறுவேடத்தில் வந்து அவன் அருகே நிற்கின்றான். கிண்ணம் அவன் கைக்கு மாறுகின்றது. சுந்தரம் பிள்ளையின் நாடகத்தில் அக்கிண்ணம் இல்லை. நள்ளிரவு மணப்பந்தலில், சுரங்க வழியே வந்து நின்ற புருடோத்தமன் கழுத்தில் மனோன்மணி மணமாலையைச் சூட்டுகின்றாள். கேரெஸோ இக்கதை தம் கற்பனை என்று கூறவில்லை. ஆசிய மக்கள் இக்கதையைத் தம் கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஓவியமாகத் தீட்டி வைத்திருந்தனர் என்றும், உயர்குடியினர் தம் பெண்களுக்கு ஒடாடிஸ் என்றே பெயரிட்டு அழைத்தனர் என்றும் எழுதியுள்ளார்.